‘ரத்தக் குழாயைத் திறக்கும் மூலிகை’ என்கிறார்களே, உண்மையில் எது திறக்கிறது?

பூண்டுச் சாறு ஒரு கப், இஞ்சிச் சாறு ஒரு கப், எலுமிச்சைச் சாறு ஒரு கப், ஆப்பிள் சிடர் வினிகர் ஒரு கப். நான்கையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மூன்று கப்பாக வற்றியதும் ஆறவைத்து, அதே அளவு தேன் விட்டுக் கலக்கி, தினமும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி. “ஹார்ட் பிளாக் கரைந்துவிடும், ஆஞ்சியோ வேண்டாம்.” இந்தக் குறிப்பு வந்து சேராத வாட்ஸ்அப் குழு தமிழ்நாட்டிலேயே இருக்காது. குமரி மாவட்டத்தில் இதைச் செய்து பார்ப்பது இன்னும் சுலபம், மார்த்தாண்டம் தேன் பாதி வீடுகளில் ஏற்கெனவே பாட்டிலில் இருக்கிறது.

இன்னொரு பக்கம் செய்தித்தாளில் அவ்வப்போது ஒரு துண்டுச் செய்தி வரும்: இன்ன இலையின் சாறு ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதாக ஆய்வில் தெரியவந்துள்ளது என்று. படிப்பவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். ஆய்விலேயே சொல்லிவிட்டார்கள், அப்போது குறிப்பும் சரிதானே?

செய்தி பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் செய்தியில் வரும் ‘தளர்த்துவது’ வேறு, குறிப்பில் வரும் ‘கரைப்பது’ வேறு. ஒன்று தசையின் வேலை, இன்னொன்று சுவருக்குள் பல வருடமாகப் படிந்த சரக்கு. இந்த வித்தியாசத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

குழாய் என்ற சொல்லே முதல் தொல்லை

குழாய் என்றதும் நம் மனதில் வருவது பிவிசி பைப். அடைத்தால் ஆசிட் ஊற்றுவோம், கம்பி விட்டுக் குத்துவோம். ரத்தக் குழாய் அப்படிப்பட்டதில்லை, அது உயிருள்ள சதை. வெளியே நார்த்திசு, நடுவில் வளையம் வளையமாகத் தசை, உள்ளே ரத்தம் உரசும் பக்கத்தில் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம். இந்தப் படலத்துக்கு எண்டோதீலியம் என்று பெயர், இங்கே உட்படலம் என்றே சொல்வோம்.

குழாய் குறுகுவது இரண்டு விதம்:

1. நடுவிலுள்ள தசை இறுகுவது. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுக்கிறதே, அது இதுதான். சில நொடியில் இறுகும், சில நிமிடத்தில் தளரும்.

2. சுவருக்குள்ளேயே கொழுப்பு, செல்கள், நார், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து வீங்கி வழியை அடைப்பது. ‘பிளாக்’ என்று சொல்வது இதை. இது பைப்பின் உள்பக்கம் ஒட்டிய பாசி மாதிரி இல்லை, சுவரின் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே ஓடும் ரத்தத்தில் எதைக் கலந்தாலும் கழுவிக்கொண்டு போகாது.

நாஞ்சில் நாட்டில் வயல் பார்த்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பேச்சிப்பாறை அணையில் திறந்த தண்ணீர் சானலில், அதாவது கால்வாயில், வருகிறது. உங்கள் வயலுக்கு எவ்வளவு பாயும் என்பதை மடைப் பலகை தீர்மானிக்கிறது, சானல் மண் மேடிட்டுக் கிடப்பது தனிப் பிரச்சினை. பலகையைத் தூக்கினால் தண்ணீர் கூடும், சரி, ஆனால் மேடிட்ட மண் அங்கேயேதான் கிடக்கும். மூலிகைச் சாறு ரத்தக் குழாயைத் தளர்த்தியது என்று ஆய்வில் எழுதியிருந்தால், அவர்கள் பார்த்தது பலகை தூக்குவதைத்தான்.

உடம்பில் இந்த மடைகள் பெரும்பாலும் தமனிகளின் கடைசிக் கிளைகளான குறுந்தமனிகளில் இருக்கின்றன. பிரஷர் ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான் முக்கியமாகத் தீர்மானமாகிறது. ஏன் இவ்வளவு சின்னக் குழாய்க்கு இவ்வளவு அதிகாரம் என்றால், கணக்கு அப்படி. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும், ஆரத்தின் நான்காம் அடுக்குப்படி ஓட்டம் மாறுவதால். வெறும் 10 சதவீதம் குறுகினாலே ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இதனால்தான் கொஞ்சமாகத் தசையைத் தொடும் ஒரு பொருள்கூட பிரஷர் மீட்டரில் தெரிகிற அளவுக்கு வேலை செய்ய முடிகிறது. மூலிகையில் ‘ஒன்றுமே இல்லை’ என்று தள்ளிவிட முடியாததற்கும் இதுதான் காரணம்.

பலகையைத் தூக்கும் கைகள்

ஒரு செடியின் சாறு குழாயைத் தொடுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன, எல்லாச் செடியும் ஒரே வழியில் போவதில்லை.

1. உட்படலம் வழியாக

1980 வரை உட்படலத்தை வெறும் உறை என்றுதான் நினைத்திருந்தார்கள். அசிட்டைல்கோலின் என்ற பொருளை முயலின் தமனித் துண்டில் விட்டால் ஒருவர் ஆய்வகத்தில் தளரும், இன்னொருவர் ஆய்வகத்தில் இறுகும், ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் காரணத்தைப் பிடித்தார்: துண்டை வெட்டித் தயார் செய்யும்போது உள்பக்கம் உரசிவிட்டால் உட்படலம் போய்விடுகிறது, அது போனால் தளர்வும் போய்விடுகிறது. ஆக உட்படலம்தான் ஏதோ ஒன்றைச் சுரந்து தசைக்குத் ‘தளர்ந்துகொள்’ என்று சொல்கிறது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. 1998ல் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராத் மூவருக்கும் நோபல் பரிசு.

இன்று மூலிகை ஆய்வுகளில் பாதிக்கு மேல் இந்த வாயுவைச் சுற்றித்தான் நடக்கின்றன என்று தோன்றும். பீட்ரூட்டும் சில கீரைகளும் இதே இடத்துக்குச் சுற்று வழியில் வருகின்றன. அவற்றிலுள்ள நைட்ரேட்டை நாக்கின் மேலுள்ள பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, உடம்புக்குள் அது நைட்ரிக் ஆக்சைடாகிறது. கிருமி கொல்லும் மவுத்வாஷால் வாயைக் கொப்பளித்துவிட்டு பீட்ரூட் குடித்தால் பலன் குறைந்துபோவது இதனால்தான்.

பூண்டு வேறொரு வாயுவைப் பயன்படுத்துகிறது. பூண்டின் கந்தகப் பொருட்களைச் சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன, அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான அதே வாயுதான், அது தசையைத் தளர்த்துகிறது என்று 2007ல் காட்டினார்கள்.

2. தசையை நேரடியாக

தசை இறுக வேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். வாசலை மறித்தால் இறுக்கம் குறையும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை செய்வது இந்த வேலையைத்தான். கிராம்பின் வாசனைக்குக் காரணமான யூஜெனால், விலங்குகளின் குழாய்த் துண்டுகளில் இதே வகையில் தளர்ச்சி தருகிறது. மாறாமலையிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது இந்தக் காரணத்துக்காக இல்லை. ஒரு கிராம்பை வாயில் அடக்கினால் பிரஷர் இறங்கும் என்றும் இதற்குப் பொருள் இல்லை.

கால்சியத்தைத் தொடாமல் தசைக்குள்ளேயே ‘தளர்’ என்ற சமிக்ஞையைக் கூட்டுவது இன்னொரு வழி. மருந்துக் கூர்க்கன் கிழங்கிலிருந்து பிரித்த ஃபோர்ஸ்கோலின் அப்படி வேலை செய்கிறது. நம் ஊர்ச் சந்தையில் மண்ணோடு குவித்து வைத்திருக்கும் சிறுகிழங்கு இதன் சொந்தக்காரச் செடிதான், ஆனால் வேறு இனம். தேங்காய் போட்டுப் பொரியல் வைக்கலாம், பிரஷருக்கு என்று நினைத்துச் சாப்பிட வேண்டியதில்லை.

3. நரம்பு வழியாக

இங்கேதான் நம் நாட்டுக் கதை வருகிறது. சர்ப்பகந்தி, மலையாளத்தில் அமல்பொரி. பாம்புக்கடிக்கும் சித்தம் கலங்கியவர்களுக்கும் காலங்காலமாகக் கொடுத்த வேர். 1931ல் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி இந்த வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். 1949ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்தக்கொதிப்புக்கு இந்த வேரைக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அதற்கப்புறம்தான் வெளிநாட்டுக் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 1952ல் சுவிட்சர்லாந்தில் இதே வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருள் தனியாகப் பிரிக்கப்பட்டது. உலகம் முழுக்கப் பல வருடம் பிரஷருக்கு முன்னணி மாத்திரையாக இருந்தது அது.

அது செய்வது என்ன? குழாய்த் தசையை இறுக்கச் சொல்லும் நரம்பு முனைகளில் நாரட்ரினலின் என்ற சரக்கு சின்னச் சின்னப் பைகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். ரெசர்பின் அந்தப் பைக்குள் சரக்கு ஏற்றும் பம்பை அடைத்துவிடுகிறது. பைக்குள் போகாத சரக்கு அழிந்துபோகும். நரம்பு கட்டளை கொடுத்தாலும் கொட்டுவதற்குக் கையிருப்பு இல்லை, ஆக தசை தளர்ந்தே கிடக்கிறது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதே பை, அதே பம்ப் மூளையிலும் உண்டு. மனச்சோர்வு, தூக்கக் கலக்கம், சிலருக்கு கை நடுக்கம், வயிற்றுப்புண். இன்னொன்று மூக்கடைப்பு, இதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மூக்கின் உள்தோலிலும் ரத்தக் குழாய் உண்டு, அதுவும் விரிந்து வீங்குகிறது. ‘குழாயை விரிப்பது’ நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்பதில் பொருளே இல்லை, எந்தக் குழாயை என்று கேட்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, சர்ப்பகந்தி ஒரு மூலிகை ‘வேலை செய்கிறது’ என்பதற்கான தெளிவான உதாரணம். வேலை செய்ததால்தான் பக்கவிளைவும் வந்தது. மருந்தை நிறுத்தினாலும் பலன் உடனே போகாமல் நாள்கணக்கில் நீள்வதும், அதைக் குடித்துக்கொண்டிருப்பவருக்கு அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது டாக்டர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம்.

நித்தியகல்யாணியும் இதே குடும்பம். மணல் தரையிலும் கல்லறைத் தோட்டங்களிலும் தானாகப் பூத்துக் கிடக்கும் இந்தச் செடியின் வேரில் அஜ்மலிசின் என்ற குழாய் விரிக்கும் பொருள் இருக்கிறது. ஆனால் அதே செடியில்தான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகளும் இருக்கின்றன. சர்க்கரைக்கு நல்லது என்று ஐந்து பூ, பத்து இலை எனப் பறித்துக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள், செல் பிரிவதை நிறுத்தும் விஷச் சரக்கையும் சேர்த்துத்தான் கொதிக்கவைக்கிறார்கள்.

4. சிறுநீரகம் வழியாக

குழாயைத் தொடாமலேயே பிரஷரை மாற்றும் வழி இது. உப்பும் தண்ணீரும் வெளியேறினால் குழாய்க்குள் இருக்கும் ரத்தத்தின் அளவு குறையும். நெருஞ்சில், மூக்கிரட்டை, சிறுபீளை எல்லாம் நீர் பிரிக்கும் என்று நாட்டு வைத்தியத்தில் சொல்லும் வகை.

5. ரத்தத்தின் வழியாக

குழாய் அப்படியே இருக்க, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை மட்டும் குறைப்பது. பூண்டு, இஞ்சி, கிராம்பு மூன்றிலும் ஆய்வகத்தில் இது காணப்படுகிறது. ‘ரத்தம் நீர்க்கும்’ என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான், நிஜத்தில் ரத்தம் நீர்ப்பதில்லை, உறைவது தாமதமாகிறது.

சரி, ஆய்வகத்தில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்

செய்தியில் வரும் ஒரு வரிக்குப் பின்னால் பெரும்பாலும் நடப்பது இது. ஒரு எலியின் மகாதமனியை எடுத்து, ஒட்டிய கொழுப்பை நீக்கி, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் மோதிரம் மாதிரி நறுக்குவார்கள். அந்த மோதிரத்துக்குள் இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகள், கீழ்க்கொக்கி அசையாது, மேல்கொக்கி இழுவிசை அளக்கும் கருவியோடு இணைந்திருக்கும். எல்லாம் ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவைக்குள், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரில், 37 டிகிரிச் சூட்டில், அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழ் வந்துகொண்டே இருக்கும். உயிர் போன எலியின் குழாய் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

முதலில் இறுக்கும் மருந்து ஒன்றைச் சொட்டுவார்கள், திரையில் கோடு மேலே ஏறி நிற்கும். அப்புறம் மூலிகைச் சாறு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. கோடு படிப்படியாக இறங்கினால் ‘தளர்த்துகிறது’. பிறகு உட்படலத்தைச் சுரண்டிவிட்டு இன்னொரு மோதிரத்தில் அதையே செய்வார்கள், இப்போது இறங்கவில்லை என்றால் நைட்ரிக் ஆக்சைடு வழி. இரண்டிலும் இறங்கினால் தசையை நேரடியாகத் தொடுகிறது. துப்பறியும் வேலை மாதிரி, நேர்த்தியான சோதனைதான், குறையே சொல்ல முடியாது.

குறை, அங்கிருந்து நம் வீட்டு டம்ளருக்குத் தாவுவதில் இருக்கிறது.

1. அளவு. குடுவையில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் சாறு விட்டபோது தளர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதே அடர்த்தி வர 5 கிராம் சாறு முழுக்க ரத்தத்தில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்று ஒரு துளி வீணாகாமல் ரத்தத்தில் சேர்ந்தாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான். வீணாகாமல் சேருவது என்பதோ நடக்காத காரியம்.

2. வழி. குடுவையில் சாறு நேரே குழாயைத் தொடுகிறது. வாயில் போட்டால் வயிற்று அமிலம், குடல் பாக்டீரியா, கல்லீரல் என்று மூன்று சோதனைச் சாவடி. மஞ்சளின் குர்குமின் பாதிகூட அல்ல, மிகச் சொற்பமே தாண்டுகிறது.

3. சாறு எடுத்த விதம். ‘சாறு’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். ஆய்வகத்தில் அது எத்தனாலில் ஊறவைத்தது, ஹெக்சேன் என்ற கரைப்பானில் எடுத்தது, தண்ணீரில் எடுத்தது என்று தனித்தனி. ஒவ்வொன்றிலும் இறங்கும் பொருள் வேறு. எண்ணெய்ப் பசையுள்ளவை தண்ணீருக்கு மசியாது. ஹெக்சேன் சாற்றில் கண்டதை வைத்துக்கொண்டு வீட்டில் இலையைக் கொதிக்கவைத்தால், அந்தப் பொருள் உங்கள் டம்ளரில் இருக்காமலே போகலாம். சர்க்கரைப்பாகில் ஊறவைப்பது, பாலில் காய்ச்சுவது, நெய்யில் இறக்குவது என்று நம் வைத்தியத்தில் இத்தனை முறைகள் இருப்பது சும்மா இல்லை.

4. எந்தச் செடி. இதில் நடக்கும் குழப்பத்துக்கு அளவே இல்லை, கீழே வருகிறது.

மனிதர்களிடம் பார்த்தபோது

பூண்டு. கொதிப்பு உள்ளவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பிரஷரின் மேல் அளவு சராசரியாக 8 மி.மீ. அளவுக்கு இறங்கியிருக்கிறது. சின்ன எண் இல்லை, ஒரு மாத்திரை தரும் பலனுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அவர்கள் கொடுத்தது அளந்து செய்த பூண்டுப் பொடியும் மாதக்கணக்கில் ஊறவைத்த சாறும், வாரக்கணக்கில் தொடர்ந்து. பூண்டைத் தட்டும்போது ஒரு நொதி வேலை செய்து அல்லிசின் உண்டாகிறது. முழுப் பல்லை அப்படியே குழம்பில் போட்டால் அந்த நொதி சூட்டில் செத்துவிடும், அதனால் தட்டிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அடுப்பில் போடச் சொல்வார்கள். வாட்ஸ்அப் குறிப்பில் சாறெடுத்த பிறகு நன்றாகக் கொதிக்கவைக்கிறார்கள், அல்லிசின் அங்கேயே சிதைகிறது. மிஞ்சுவது என்ன, எவ்வளவு என்று பாட்டில் வைத்திருப்பவருக்குத் தெரியாது. அதோடு, 8 மி.மீ. இறங்கியதும் பிளாக் கரைந்ததும் ஒன்றில்லை.

செம்பருத்தி. இதுதான் மேலே சொன்ன குழப்பம். 2010ல் வெளியான ஒரு ஆய்வில், கொதிப்பின் விளிம்பிலும் லேசான கொதிப்பிலும் இருந்த 65 பேரில் ஒரு பாதிக்கு ஆறு வாரம் தினம் மூன்று கோப்பை ஹைபிஸ்கஸ் டீ கொடுத்தார்கள். மேல் அளவு அவர்களுக்கு சராசரி 7.2 இறங்கியது, போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3. இந்தச் செய்தி தமிழுக்கு வந்தபோது ஹைபிஸ்கஸ் ‘செம்பருத்தி’ ஆகிவிட்டது. நம் வேலியோரச் செம்பருத்தி வேறு இனம். ஆய்வில் பயன்பட்டது ரோசெல், புளிச்சகீரையின் சொந்தம், அதன் பூவிதழ்கூட இல்லை, பூவுக்கு அடியில் தடித்துச் சிவந்திருக்கும் புளிப்பான புல்லிவட்டம். வேலிப் பூவைப் பறித்துச் சுடுதண்ணீரில் போட்டு நிறம் மாறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம், அந்த 7.2 அதற்குச் சொந்தமில்லை.

நீர்மருது. நாகர்கோவில் நாட்டு மருந்துக்கடைகளில் இதயத்துக்கு என்று கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது மருதம்பட்டைதான். வெளியே சாம்பல், உள்ளே சிவப்பு. கொதிக்கவைத்தால் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்துக்கு வந்துவிடும், நாக்கில் வைத்தால் துவர்ப்பு இழுக்கும். அது டானின். கருமருதுப் பட்டையும் துவர்க்கும், ஆனால் அது வேறு மரம், பொடியாக்கிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது.

மருதம்பட்டை பற்றி இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2004ல் வெளியானது புகைபிடிக்கும் 18 ஆண்களிடம் நடந்தது. கையில் பிரஷர் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கிவிட்டு அவிழ்ப்பார்கள், ரத்தம் பாய்ந்து வரும்போது முழங்கைக்கு மேலுள்ள தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். உட்படலம் நலமாக இருந்தால் நன்றாக விரியும், புகைபிடிப்பவர்களுக்கு விரிவு குறைவு. இரண்டு வாரம் மருது எடுத்தபின் அது மேம்பட்டது. 2016ல் வெளியான டெல்லி எய்ம்ஸ் ஆய்வு பெரியது, இதயம் பலவீனமான 100 நோயாளிகள், 12 வாரம், பட்டையின் நீர்ச்சாறு ஒரு பாதிக்கு. இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறனில் மாற்றம் ஒன்றும் இல்லை. இரண்டும் முரண் இல்லை. குழாய்ச் சுவர் கொஞ்சம் நன்றாக நடந்துகொள்வது ஒன்று, களைத்துப்போன இதயம் தேறுவது வேறொன்று. ஆனால் கடையில் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருப்பது ‘இதய நோய்க்கு’ என்ற ஒரே வார்த்தை.

வல்லாரையைப் பற்றி ஒரு வரி: அது தமனிப் பக்கம் இல்லை, சிரைப் பக்கம். கால் வீக்கம், நரம்புச் சுருட்டல் இருப்பவர்களிடம் அதன் சாற்றை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஞாபகசக்தி விளம்பரத்தில் இது வராது.

எதிர்த் திசையில் இழுக்கும் செடிகள்

மூலிகை என்றால் பிரஷரைக் குறைக்கும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதிமதுரம் அதை உடைக்கும். தொண்டைக்கட்டுக்கு ஒரு துண்டு வாயில் அடக்குவது வேறு, மாதக்கணக்கில் தினமும் பொடியாகக் குடிப்பது வேறு. அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியை முடக்குகிறது. அப்போது கார்ட்டிசால், உப்பைப் பிடித்துவைக்கும் இன்னொரு ஹார்மோனின் வேடம் போட்டுக்கொள்ளும். உப்பு தங்கும், பொட்டாசியம் வெளியே போகும், பிரஷர் ஏறும், கால் வீங்கும், அளவு மீறினால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். பிரஷர் மாத்திரை எடுத்தும் இறங்கவே இல்லை என்று அலைபவர்களிடம், இருமலுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டியிருப்பது இதனால்.

வெற்றிலையோடு போடும் புகையிலையும் ஒரு தாவரச் சாறுதான். நிகோட்டின் அட்ரினலினைக் கொட்டவைத்துக் குழாயை இறுக்கும். காலையில் மருதம்பட்டைக் கஷாயம், சாப்பாட்டுக்கு அப்புறம் புகையிலை என்றால், பலகையை ஒருவர் தூக்க ஒருவர் இறக்குகிற கதை. எஃபெட்ராவும் இந்த ரகம்தான், உடல் இளைக்க என்று விற்ற எஃபெட்ரா பொருட்களை 2004ல் அமெரிக்கா தடை செய்தது.

மாத்திரையோடு சேரும்போது

காலையில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் எழுதிய மாத்திரை, மாலையில் கோட்டாற்றுக் கடையில் வாங்கிய கஷாயம். இங்கே பலருக்கும் இதுதான் நடைமுறை, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் குடிப்பதை அந்தப் பக்கம் சொல்லாமல் விடுவதுதான் வம்பு. “அது வெறும் பச்சிலைதானே டாக்டர்” என்று சொல்லாமல் விட்டதில் கீழ்க்கண்ட நான்கும் ஒளிந்திருக்கலாம்.

1. கூட்டல். அம்லோடிபின் பலகையைத் தூக்கியிருக்கும்போது கஷாயமும் தூக்கினால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். வயதானவர்களுக்கு ஆபத்து பிரஷரில் இல்லை, விழுந்து இடுப்பு எலும்பு முறிவதில்.

2. மாத்திரையின் அளவு மறைமுகமாகக் கூடுவது. மிளகிலுள்ள பைப்பரின், மருந்தைச் சிதைக்கும் நொதிகளை மந்தமாக்கும். புரோபிரனலால் மாத்திரையோடு தினம் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்துப் பார்த்ததில் ரத்தத்தில் மாத்திரையின் அளவு கூடியது. ரசத்து மிளகுக்குப் பயப்பட வேண்டாம், மிளகு சேர்ந்த திரிகடுகச் சூரணத்தைக் கரண்டியால் அள்ளுபவர் யோசிக்கலாம். பம்பளிமாஸ் இன்னும் பலமானது. கிரேப்ஃப்ரூட் சாறு ஃபெலோடிபின் என்ற பிரஷர் மாத்திரையின் அளவை ரத்தத்தில் எகிறச் செய்ததை 1989ல் கனடாவில் தற்செயலாகக் கண்டார்கள், அதற்குக் காரணமான பொருட்கள் பம்பளிமாஸிலும் உண்டு. நிஃபெடிபின், சில கொழுப்பு மாத்திரைகள் எடுப்பவர்கள் அந்தப் பழத்தை விட்டுவிடுவது நல்லது. அம்லோடிபினுக்கு இந்தப் பாதிப்பு குறைவு.

3. ரத்தக் கசிவு. ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் எடுப்பவர், வால்வு மாற்றி வார்ஃபரின் எடுப்பவர் பூண்டு-இஞ்சிச் சாற்றைப் பாட்டில் கணக்கில் குடிப்பது, ரத்தம் உறைவதை இரண்டு பக்கத்திலிருந்து அமுக்குவது. பல் பிடுங்கப் போனாலும் சரி, அறுவை சிகிச்சைக்குப் போனாலும் சரி, முன்கூட்டியே சொல்லி நிறுத்த வேண்டிய பட்டியலில் இதுவும் உண்டு. சமையல் பூண்டு இந்தக் கணக்கில் வராது.

4. பொட்டாசியம். டெல்மிசார்ட்டான், எனாலபிரில் வகை பிரஷர் மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும். சிறுநீரகம் பலவீனமானவர் அதோடு தினம் இரண்டு மூன்று இளநீர், மேலே கீரைச்சாறு என்று போனால், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைத் தொடும். தென்னை நிற்கிற வீட்டில் இளநீரை மருந்து என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்போது குடித்துக்கொண்டிருப்பவர்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடியது

குடிக்கும் கஷாயமோ சூரணமோ உண்மையில் உங்கள் குழாயைத் தொடுகிறதா என்று பார்க்க எலியும் குடுவையும் வேண்டாம், மேல்கையில் கட்டும் பிரஷர் மிஷின் போதும்.

1. தினமும் ஒரே நேரத்தில், சாயா குடித்து அரை மணி நேரமாவது ஆனபிறகு, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு அளக்கவும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை இதய மட்டத்தில் மேசை மேல்.

2. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதிவைக்கவும். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஒரு வாரமாவது வேண்டும்.

3. அப்புறம் எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளக்கவும். மேல் அளவு குறைந்தது 20 அல்லது கீழ் அளவு குறைந்தது 10 விழுந்தால் மாத்திரையும் கஷாயமும் கூட்டுச் சேர்ந்திருக்கலாம்.

4. எண்கள் இறங்கியிருக்கிறது என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நோட்டையும் பொட்டலத்தையும் சேர்த்தே டாக்டரிடம் கொண்டுபோகவும். பொடியாக வாங்கியிருந்தால், கடைக்காரரிடம் “அண்ணாச்சி, இதுல என்னென்ன சேர்த்திருக்கு, ஒரு துண்டுல எழுதித் தாங்க” என்று கேட்டு வாங்கிக்கொள்ளவும். எழுதித் தரத் தயங்கினால் பொடியை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.